விறகடுப்புக்குத் திரும்பும் உடம்பு: பேலியோவின் முதல் நாள்கள் எப்படி இயங்குகின்றன?

மலாக்காவின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பேலியோ உணவுமுறையைப் பற்றி விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு கதைகள்தாம் காதில் விழும். "ஒரே வாரத்துல மூணு கிலோ குறைஞ்சிடுச்சு, அண்ணே" என்பது ஒன்று. "மூணாம் நாளே தலை கிறுகிறுன்னு வந்துடுச்சு. ரொட்டி சானாய் தின்ன பிறகுதான் உயிரே வந்துச்சு" என்பது மற்றொன்று. முதல் கதைக்காரர் அதற்குள் நாலு பேரைச் சேர்த்துவிட்டிருப்பார். இரண்டாம் கதைக்காரர் நாலு பேரைத் தடுத்திருப்பார். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் உடம்பு தன் எரிபொருளை மாற்றும்போது எழுகிற சந்தடியைத்தான் இருவரும் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சந்தடி அடங்கு முன்பே உணவுமுறைக்குத் தீர்ப்பு எழுதுவது அவசரம். முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி கொழுப்பல்ல; வருகிற தொல்லையில் பெரும்பகுதி நோயுமல்ல.

சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் மட்டும், சோற்றைக் குறைக்கும் முன் கீழே ‘மருந்து எடுப்பவர்கள்’ என்ற பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

எந்தப் பேலியோ?

கற்கால மனிதனின் உணவோடு இன்றைய நோய்களை ஒப்பிட்டு அமெரிக்க மருத்துவர் பாய்ட் ஈட்டனும் மானிடவியலாளர் மெல்வின் கானரும் 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2002-இல் வந்த லோரன் கார்டெயினின் நூல் ‘பேலியோ டயட்’ என்ற பெயரை உலகெங்கும் பரப்பியது. அதில் இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, பழம், கொட்டை உண்டு. தானியம், பருப்பு, பால், சீனி கிடையாது.

தமிழர்களிடம் இதைக் கொண்டுசேர்த்தவர் நியாண்டர் செல்வன். அவர் தொடங்கிய ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ முகநூல் குழுவும், தினமணியின் இணையத் தொடரும், பின்னர் வந்த நூலும் தமிழ் படிக்கும் ஊர்களில் எல்லாம் இந்த உணவைப் பேசுபொருளாக்கின. தமிழ்ப் பேலியோ மூலத்திலிருந்து ஓரளவு விலகியது. சைவர்களுக்கும் வழி வேண்டும் என்பதால் வெண்ணெய், நெய், பனீர், தயிர் உள்ளே வந்தன. காலையில் பசியாற நூறு பாதாம் என்பது அடையாளமாகவே ஆகிவிட்டது. பழமும் கிழங்கும் ஒதுங்கின. ஆகவே நடைமுறையில் இது மாவுச்சத்து மிகக் குறைந்த, கொழுப்பு மிகுந்த உணவு. முதல் நாள்களின் தொல்லைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த மாவுச்சத்துக் குறைப்புதான். கிழங்கும் பழமும் சேர்த்துப் பேலியோ உண்பவருக்கு இவற்றில் பாதிகூட வராது.

ஒரு வீடு, இரண்டு அடுப்பு

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக முதலில் காலூன்றியது மலாக்காவில்தான். தான் சாய் யான் என்பவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அடுத்துப் புக்கிட் ஆசாஹான் தோட்டம் எழுந்தது. பால் வெட்ட வந்த நம்மவர்களின் லயங்களில் எரிந்தது விறகடுப்பு. பட்டுப்போன பால்மரக் கட்டைதான் விறகு. பிறகு கேஸ் வந்தது. திருகினால் எரியும், மூடினால் அணையும். விறகடுப்பு கொல்லைக்குப் போனது.

நம் உடம்பும் இப்படி இரண்டு அடுப்பு வைத்திருக்கும் வீடுதான். சோறு, ரொட்டி சானாய், மீ கோரேங், மைலோ எல்லாம் செரித்துக் குளுக்கோஸாக மாறுகின்றன. அது கேஸ். மிஞ்சும் குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் உடம்பு சிலிண்டரில் அடைத்து வைக்கிறது. கல்லீரலில் இருக்கும் சிலிண்டரில் ஏறக்குறைய 100 கிராம். வீடு முழுவதற்கும் கேஸ் அனுப்புவது இதுதான். தசைகளில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 400 கிராம். ஆனால் தசை தன் அறைச் சிலிண்டரைத் தானே வைத்துக்கொள்ளும், இரத்தத்துக்குள் திருப்பிக் கொடுக்காது. இரண்டையும் கூட்டினாலும் 2,000 கலோரிதான். ஒரு நாள் சமையலுக்குச் சரி.

விறகு என்பது உடற்கொழுப்பு. ஒரு கிலோவில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. உடம்பில் 15 கிலோ கொழுப்பு உள்ளவர், கொல்லையில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கலோரிக்கு விறகு அடுக்கி வைத்திருக்கிறார் என்று கணக்கு. அப்படியும் மணி பத்தானால் பசி, நாலானால் மயக்கம். விறகு இவ்வளவு இருந்தும் ஏன்?

இன்சுலின்தான் காரணம். கேஸ் வண்டி வாசலுக்கு வந்ததும் கொல்லைக் கதவைச் சாத்துகிற வீட்டுக்காரம்மா அது. மாவுச்சத்து உள்ளே வரும்போதெல்லாம் இன்சுலின் உயர்ந்து, கொழுப்பணுக்களிலிருந்து கொழுப்பு வெளியே வருவதைத் தடுக்கிறது. "கேஸ் நிறைய இருக்கும்போது விறகு எதற்கு?" என்ற நியாயம்தான். பிழை அவரிடம் இல்லை. காலை ரொட்டி சானாய், பத்து மணிக்குத் தே தாரேக்கும் பிஸ்கட்டும், மதியம் சோறு, நாலு மணிக்குக் குவே, இரவு மீண்டும் சோறு என்று வண்டி வந்துகொண்டே இருந்தால் கொல்லைக் கதவு திறக்க நேரம் எங்கே?

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஐந்நூறு மரம் வெட்டி, வாளியைத் தூக்கி நடந்த பாட்டன் காலத்தில் இது பிரச்சினையாக இல்லை. அன்று நிரம்பிய கேஸ் அன்றே எரிந்தது. பேரன் பத்து பிரண்டாமிலோ ஆயர் குரோவிலோ தொழிற்சாலையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். தட்டில் சோற்றின் உயரம் மட்டும் தோட்டத்துக் கணக்கிலேயே இருக்கிறது.

முதல் நாள்: சிலிண்டர் காலியாகிறது

மாவுச்சத்தை நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் கீழே இறக்கினால் கல்லீரலின் சிலிண்டர் ஒன்றிரண்டு நாளில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. காலையில் முட்டை, மதியம் கோழியும் கீரையும், இரவு மீன். "இவ்வளவுதானா?" என்ற தெம்பே வரும். பழைய கேஸ் இன்னும் எரிகிறது என்பதுதான் அந்தத் தெம்பின் பின்னணி.

அன்று மாலை வரும் பசி வயிற்றுப் பசியல்ல. பழகிய நேரத்துப் பசி. நாலு மணி ஆனதும் கை குவேயைத் தேடும். வயிறு நிறையப் புரதமும் கொழுப்பும் உண்டிருந்தால் அது அரைமணியில் அடங்கும். இங்கே பலர் செய்யும் தவறு, சோற்றையும் நிறுத்தி, கொழுப்புக்கும் பயந்து, கோழி நெஞ்சுக்கறியும் வெள்ளரிக்காயும் மட்டும் உண்பது. கேஸையும் நிறுத்திவிட்டு விறகையும் உள்ளே விடாத வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அது பேலியோ ஆகாது, அரைப் பட்டினி.

இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை: புகை

கேஸ் தீர்ந்தது. கொல்லைக் கதவு திறந்தது. ஆனால் அடுப்பு பல ஆண்டுகளாக எரியாதது. கட்டையைக் கொண்டுவந்து வைத்ததும் தீ பிடித்துவிடாது. முதலில் புகைதான்.

உடம்பில் இதற்குப் பொருள் இதுதான். தசையும் இதயமும் கொழுப்பமிலங்களை நேரடியாகவே எரிக்கும். அவற்றுக்குக் கட்டை போதும். மூளையின் அடுப்பு சிறியது, முழுக் கட்டை நுழையாது. கொழுப்பமிலத்தை மூளை நேரே பயன்படுத்தாது. அதனால் கல்லீரல் கட்டையைப் பிளந்து சிராயாக்கி அனுப்புகிறது. அந்தச் சிராய்தான் கீட்டோன். மூளை குளுக்கோஸை மட்டுமே எரிக்கும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1967-இல் ஹார்வர்டின் ஜார்ஜ் காஹிலும் அவருடைய குழுவினரும் நீண்ட பட்டினியில் இருந்தவர்களை ஆராய்ந்து, அந்நிலையில் மூளைக்கான எரிபொருளில் பெரும்பங்கைக் கீட்டோன் தருவதைக் காட்டினார்கள்.

ஆனால் கல்லீரல் பிளந்து பழக வேண்டும். மூளை எரித்துப் பழக வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் கேட்டுப் பழகிய மூளைக்குக் கேஸும் குறைந்து, சிராயும் போதாத இடைவெளி இது. தலைபாரம், சோர்வு, சிடுசிடுப்பு, கவனம் நிற்காமை எல்லாம் இங்கேதான் வருகின்றன. வீட்டில் யாராவது, "ஏன்டா இப்படி எரிஞ்சு விழுற?" என்று கேட்டால் அது இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ என்று ஊகித்துவிடலாம்.

வீட்டின் ஒரு மூலையில் கேஸில் மட்டுமே எரியும் சின்ன அடுப்பு ஒன்றும் உண்டு. அது சிவப்பணு. கொழுப்பையோ கீட்டோனையோ எரிக்கும் உறுப்பு அதற்குள் இல்லை. அதற்காகச் சோறு தின்றே ஆகவேண்டும் என்பதில்லை. புரதத்திலிருந்தும், கொழுப்பு உடையும்போது கிடைக்கும் கிளிசராலிலிருந்தும் கல்லீரல் அந்த அளவு குளுக்கோஸைத் தானே தயாரித்துக்கொள்ளும். தட்டில் புரதம் போதாவிட்டால் தசையை உடைத்து எடுக்கும். ஒவ்வொரு வேளையும் முட்டையோ மீனோ கறியோ பனீரோ இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

தலைவலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பேலியோவின் கணக்கில் எழுதக் கூடாது. சுண்டிய பால் ஊற்றிய தே தாரேக்கை நாளுக்கு மூன்று கிளாஸ் குடித்தவர் சட்டென்று நிறுத்தும்போது சீனியோடு கஃபீனும் நின்றுவிடுகிறது. கஃபீன் நின்றால் ஒரு நாளில் தலைவலி வரும். சில நாள் இருக்கும். சீனியை நிறுத்துங்கள், கோப்பியை நிறுத்த வேண்டாம். சீனி போடாத வரக்கோப்பி பேலியோவுக்கு விரோதமல்ல.

உப்பும் நீரும்

இந்த இடத்தில் அடுப்புக் கணக்கு உதவாது; சிறுநீரகத்தைத்தான் பார்க்க வேண்டும். இன்சுலின் கொல்லைக் கதவைச் சாத்துவதோடு நிற்பதில்லை. உப்பைப் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்கும் சொல்கிறது. இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடுகிறது. சோடியத்தின் பின்னாலேயே நீரும் போகிறது. முதல் வாரத்தில் இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருப்பது இதனால்தான்.

எழுந்து நின்றால் தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, படபடப்பு, தீராத அசதி ஆகியவற்றில் பெரும்பகுதி குளுக்கோஸ் குறைவால் வருவதல்ல. உப்பும் நீரும் குறைவதால் வருவது. ரொட்டி சானாய் தின்றதும் தெம்பு வந்தது என்றாரே ஒருவர், அவருக்கு உப்புப் போட்ட ஒரு கிண்ணம் ஆட்டுக்கால் சூப்பே போதுமாயிருந்திருக்கும். தட்டில் உப்பும் இருந்தது, கறிக்குழம்பும் இருந்தது; பேர் மட்டும் ரொட்டிக்குப் போனது.

தமிழ்ப் பேலியோவில் இதற்குக் கைவசம் இருக்கும் மருந்து சூப்பும் ரசமும். கோழியெலும்புச் சூப், பருப்பில்லாத மிளகு ரசம், உப்புப் போட்ட மோர். மலாக்கா வெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் தூக்குகிறவருக்கும் வியர்வையிலேயே உப்பு நிறையப் போகிறது. அவர் முதல் வாரத்தில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் சோர்வு கூடத்தான் செய்யும். முடிந்தால் வேலை இலகுவான வாரத்தில் தொடங்குவது நல்லது.

இது இரத்த அழுத்தமோ, இதயக் கோளாறோ, சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்களுக்குச் சொல்வது. மற்றவர்கள் உப்பைத் தாமாகக் கூட்டக் கூடாது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், பெரின்டோப்ரில் வகை அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடக் கூடும்.

முதல் வாரத்து எடை

14 கிலோ கேஸ் அடைத்த சிலிண்டரைத் தூக்கினால் 14 கிலோவா கனக்கிறது? இரும்பின் எடையும் சேர்த்துத்தான் கனக்கிறது. உடம்பின் சிலிண்டரும் அப்படித்தான். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரோடு சேர்ந்தே அடைபட்டிருக்கிறது. 500 கிராம் கிளைக்கோஜன் என்றால் ஒன்றரை கிலோ நீர். மொத்தம் இரண்டு கிலோ. அதில் பெரும்பகுதி காலியானாலே தராசு ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கும். உப்போடு போகும் நீரும் சேர்ந்தால் மூன்று கிலோ ஆச்சரியமில்லை.

கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரையாது. நாளொன்றுக்கு 600 கலோரி குறைவாக உண்டால் ஒரு வாரத்தில் கரையும் கொழுப்பு ஏறக்குறைய அரைக் கிலோ. "மூணு கிலோ" என்று மகிழ்ந்தவர் அரைக் கிலோவுக்கு மகிழலாம்; மீதிக்கு வேண்டாம்.

இதே கணக்கு தலைகீழாகவும் ஓடும். பத்தாம் நாள் கல்யாண வீட்டில் இலைச் சோறும் பாயாசமும் உண்டால் மறுநாள் தராசு ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கும். சிலிண்டர் நீரோடு மீண்டும் நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வேளை விருந்தில் ஒன்றரைக் கிலோ கொழுப்புப் போட வேண்டுமானால் பதினோராயிரம் கலோரிக்கு மேல் மிஞ்ச வேண்டும். பந்தியில் மூன்று முறை உட்கார்ந்தாலும் நடக்காது. ஆனால் கேஸ் வந்ததும் கொல்லைக் கதவு மறுபடி சாத்தப்படும். மூட்டிய அடுப்பு ஓரளவு தணியும். வாரத்தில் ஐந்து நாள் பேலியோ, சனி ஞாயிறு நாசி லெமாக் என்று போகிறவர் ஒவ்வொரு திங்களும் புகையில் நிற்பதன் காரணம் இதுவே. முதல் மாதத்தில் மட்டுமாவது விட்டு விட்டுச் செய்யாமல் இருப்பது நல்லது.

இரண்டாம், மூன்றாம் வாரம்: அடுப்பு சூடேறுகிறது

ஏழெட்டு நாளில் பெரும்பாலோருக்குத் தலைபாரம் அகன்றுவிடும். பசி நேரம் தவறி வரும். பத்து மணி பிஸ்கட் நினைவுக்கு வராது. கட்டை சீராக எரியத் தொடங்கியதன் அறிகுறி இது. ஆனாலும் மூன்று விஷயம் மிச்சமிருக்கும்.

முதலாவது, வாய் நாற்றம். கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன் மூச்சு வழியே போகும். பழுத்த பழ வாடை அடிக்கும். அடுப்பின் புகை கூரை வழியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் துலக்கிப் போகாது. சில வாரத்தில் தானே குறையும்.

இரண்டாவது, மலச்சிக்கல். சோற்றோடு போன காய்கறியும் சேர்ந்து நின்றுவிடுவதால் பெரும்பாலும் வருகிறது. நூறு பாதாமில் நார் இருக்கிறது. ஆனால் 600 முதல் 700 கலோரியும் இருக்கிறது, விலையும் இருக்கிறது. மலாக்காவில் பாதாமுக்கு அலைய வேண்டியதில்லை. முருங்கைக் கீரை வேலியோரம் நிற்கிறது. கங்கோங், வல்லாரை, வெண்டை, கத்தரி, பாகல், புடலை எதற்கும் தடையில்லை. தேங்காய்த் துருவல் சேர்த்துக் கீரை வதக்கினால் நாரும் கொழுப்பும் ஒரே சட்டியில் வந்துவிடும்.

மூன்றாவது, வேகம் குறைவது. நடை சரியாக வரும். படியேறும்போதும் பந்து விளையாடும்போதும் கால் கனக்கும். திடீர் ஓட்டத்துக்குத் தசை தன் அறைச் சிலிண்டரைத்தான் நம்புகிறது. அது இப்போது பாதிதான் நிரம்பியிருக்கிறது. விறகுத் தீ நின்று எரியும். சட்டென்று பொங்கி எரியாது. கொழுப்பை எரிக்கத் தசை பழகுவதற்கு மூன்று நாலு வாரமாகும். அதுவரை பந்தயம் வேண்டாம்.

கவுட் என்னும் மூட்டுவாதம் உள்ளவர்கள் இந்த வாரங்களில் விழிப்பாக இருக்க வேண்டும். கீட்டோன் உயரும்போது சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவது குறைகிறது. பெருவிரல் வீங்கிய அனுபவம் முன்பே இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

மலாக்கா மேசையில்

உம்பாய், அலாய், செர்காம் கடலோரக் கடைகளில் சுட்ட மீன் இந்த உணவுக்கு எழுதிவைத்தது. மீன் மேல் பூசும் இனிப்புச் சோயாச் சாற்றை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அசாம் பெடாஸில் புளியும் மிளகாயும் மீனும்தான். தட்டுச் சோற்றைத் தள்ளினால் போதும். சாத்தே இறைச்சி சரி, அதன் கடலைச் சாற்றில் சீனி அதிகம். செஞ்சாலோக்கைச் சோற்றுப் பருக்கை சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள். தொட்டுக்கொள்ளும் அளவுக்கு அது பொருட்டல்ல, உப்பும் கிடைக்கும். பானத்தில் ஏமாறாதீர்கள்: கூலா மலாக்கா மணக்கும் செண்டோலும் மைலோவும் கேஸ் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிடும்.

வீட்டில்தான் சங்கடம். "என்னப்பா, ஒரு கைப்பிடி சோறுகூடவா வேணாம்? உடம்பு என்னத்துக்காவும்?" என்று அத்தை கேட்கும்போது இன்சுலின் விளக்கம் எடுபடாது. "இந்த மாசம் மட்டும், அத்தே. குழம்பை ஊத்துங்க, மீனு ரெண்டு துண்டா வைங்க" என்பது எடுபடும். சமைத்தவருக்குத் தன் குழம்பு ஒதுக்கப்படவில்லை என்று தெரிந்தால் போதும்.

வெள்ளிக்கிழமைச் சைவமும் புரட்டாசி மாதமும் இன்னொரு தடை. மீனும் முட்டையும் இல்லாத மாதத்தில் தொடங்கினால் புரதம் விழும். தட்டில் தேங்காயும் வெண்ணெயும் மட்டும் மிஞ்சும். பனீர், தயிர், காளானை நம்பி நடத்த முடியும், புதியவருக்குக் கடினம். புரட்டாசி கழிந்த பிறகோ தைப்பூச விரதம் முடிந்த பிறகோ தொடங்குவது சுலபம்.

மருந்து எடுப்பவர்கள்

மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் அது 30 விழுக்காட்டைத் தாண்டியது. ஆகவே பேலியோ தொடங்க நினைக்கும் நம்மவர்களில் பலர் ஏற்கெனவே இனிப்பு நீருக்கு மாத்திரை எடுப்பவர்கள்.

கேஸ் வரத்தை நிறுத்திவிட்டு, கேஸைக் குறைக்கும் மருந்தை அதே அளவில் தொடர்ந்தால் என்ன ஆகும்? கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. ஊசியில் போகும் இன்சுலின் நேரடியாகவே வேலை செய்கிறது. இவ்விரண்டிலும் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயக்கம் வரலாம். முதல் நாளிலேயே வரலாம். வியர்த்து, கை நடுங்கி, குழப்பம் வந்தால் அது ‘பேலியோ தலைசுற்றல்’ அல்ல. உடனே சீனி கரைத்துக் குடித்துவிட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுபவை. இவற்றை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு உப்பும் நீரும் இறங்கும் வாரத்தில் அழுத்தம் மிகத் தாழலாம். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், சிறுநீரகம் தளர்ந்தவர்களும் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது. நாட்டில் டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவால் அங்கே வந்தவர்கள்.

அரசாங்க சுகாதார கிளினிக்கில் மருத்துவரிடம் பேலியோ என்ற பெயரைச் சொல்வதைவிட, "சோறு, ரொட்டி, சீனி மூணையும் அடுத்த வாரத்துல இருந்து நிறுத்தப்போறேன். எந்த மாத்திரையைக் குறைக்கணும்?" என்று கேளுங்கள். விடை எளிதாகக் கிடைக்கும்.

மாத முடிவில் சோறு

சோறு குற்றவாளி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எந்தச் சோறு என்பதும் கணக்கில் வரும். 1907-இல், பக்கத்து நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் பெரிபெரி நோயைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் அந்நோயால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அது அதிகம் தொடவில்லை என்பதைக் கவனித்தவர் அவர். கற்காலமும் கிழங்கில்லாக் காலமல்ல. சரவாக்கின் நியா குகையில் வாழ்ந்தவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டுக் கிழங்கும், நஞ்சு நீக்கிய கெலுவாக் கொட்டையும் உண்ட தடயம் இருக்கிறது. அந்தக் கொட்டை இன்றும் மலாக்கா ஞோஞ்ஞா சமையலில் கோழியோடு வேகிறது. பாப்புவா நியூகினியின் கித்தாவா தீவில் கிழங்கும் தேங்காயும் மீனும் பழமும் உண்ட மக்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் காணக் கிடைக்கவில்லை என்று 1990-களில் சுவீடன் மருத்துவர் ஸ்டாஃபான் லிண்டபெர்க் பதிவு செய்தார்.

எடைக் கணக்கிலும் சோறு மட்டும் குற்றவாளியல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள்; அது பொருட்படுத்தும் வித்தியாசமல்ல. இரண்டு குழுவினருக்கும் சீனியையும் தீட்டிய மாவையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். ஆக, நீடித்துப் பின்பற்ற முடிவதே நல்ல உணவுமுறை.

நாலு வாரம் கழிந்ததும் தராசைவிட இடுப்பு அளவை நம்புங்கள். அதில் நீர்க் கணக்கின் குழப்பம் குறைவு. மூன்று மாதம் ஆனதும் எச்பிஏ1சி சோதனை எடுங்கள். அது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்பதால் அதற்கு முன் எடுத்தால் பழைய சோற்றின் கணக்கும் கலந்திருக்கும். கொழுப்புச் சோதனையையும் விடாதீர்கள்: வெண்ணெயும் தேங்காயும் கூடியதில் சிலருக்குக் கெட்ட கொழுப்பு நன்றாகவே ஏறுகிறது, அவர்கள் மீனையும் கொட்டையையும் கூட்டி நெய்யைக் குறைக்க வேண்டியிருக்கும். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவர் முன் உட்காருங்கள். எவ்வளவு சோற்றைத் திரும்பத் தட்டில் வைக்கலாம் என்ற கேள்விக்கு விடை அந்தத் தாள்களில் இருக்கும்.